உச்சியில் ஒன்று, புருவ நடுவில் ஒன்று

இருபத்தாறு வருடம் பிறரைத் திட்டியே சம்பளம் வாங்கியவன் நான். லுவோயாங் நகரின் தென்கோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். பெயர் ஷாவ் பெய்லின். முகத்துக்கு நேரே "ஷாவ் மாஸ்டர்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், எழுத முடியாது. வண்டியைப் பின்னால் எடுத்துக் கட்டத்துக்குள் நிறுத்தும் பாடம் என் கோட்டை. அதில் என்னிடம் அழாமல் தேறியவர்கள் மூன்று பேர்தான். அவர்களில் ஒருவருக்குக் காது மந்தம்.

கெங் லிங் அழுதவர்களின் பட்டியலில் முதல் வரிசை. முப்பத்தொன்பது வயது, டோஃபு கடை வைத்திருந்தாள். சின்ன வேன் ஒன்று வாங்கிச் சந்தைக்குத் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. நாலு மாதமாக அதே கட்டம், அதே கோடு, அதே தப்பு. நான் அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்திருந்தேன். பள்ளி முழுக்க அந்தப் பெயர் பரவியதில் எனக்கு ஒரு பெருமைகூட.

ஏப்ரல் மாதம், பியோனி பூ விழா நடந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம். மற்ற மாஸ்டர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மைதானத்தில் நானும் நத்தையும் மட்டும்.

"ஸ்டியரிங்க ஒடி! ஒடின்னா ஒடி! கண்ணாடில என்ன தெரியுது? உன் மூஞ்சியப் பாக்கவா கண்ணாடி வச்சிருக்கான்? கோட்டப் பாரு, கோட்ட..."

'கோட்ட' என்ற சொல் வாயிலேயே குழைந்தது. திரும்பச் சொன்னேன். இன்னும் மோசம். கொழகொழவென்று ஏதோ வந்தது. பழிப்புக் காட்டுகிறேன் என்று நினைத்து கெங் லிங் உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினாள். நாலு மாதத்தில் முதல்முறையாக என் கட்டளை எதுவும் புரியாத நிலையில், வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கட்டத்துக்குள் போய் நின்றது. இரண்டு பக்கமும் சமமான இடைவெளி.

"பாத்தீங்களா மாஸ்டர்! பாத்தீங்களா!" என்று திரும்பினாள். என் வாய் ஒரு பக்கம் தொங்கியது. சட்டையில் எச்சில்.

"மாஸ்டர், கிண்டல் பண்ணாதீங்க." கொஞ்சம் பார்த்தாள். "மாஸ்டர்? ஐயோ!"

ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். விழாக் கூட்டம், பாலத்தில் நெரிசல், நேரமாகும் என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு என் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் அது பொத்தென்று விழுந்தது. தன் சட்டைக் கையால் என் வாயைத் துடைத்தாள். எனக்கு பெல்ட் போட்டாள். பிறகு, சாலையில் ஒருநாள்கூட ஓட்டியிராத அந்தப் பெண், கண்ணாடிகளை நான் சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சரி பார்த்து, ஈ காக்கை இல்லாத மைதானத்தில் இண்டிகேட்டர் போட்டு வெளியே கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி வரை இரண்டாம் கியர். இன்ஜின் கதறியது. பின்னால் ஊரே ஹார்ன் அடித்தது. எனக்கு எல்லாம் புரிந்தது, பேச்சு மட்டும் இல்லை. சாகக் கிடக்கிறவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை முகம் கண்ணில் வரும் என்பார்கள். எனக்கு வந்தது கியர் லீவர். உடம்பில் மிச்சமிருந்த உயிரையெல்லாம் திரட்டி, "மூ... மூ... மூணு" என்றேன்.

"ஆமா மாஸ்டர், மூணு நிமிஷம்தான், வந்துடுச்சு" என்றாள். இருபது நிமிடம் ஆனது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மருந்து போட்டுப் பயனிருக்காது என்று டாக்டர்கள் பிறகு சொன்னார்கள். ரத்தக் கட்டி கரைந்தது. ஆறு வாரத்தில் பேச்சு வந்தது, பழைய வேகத்தில் பாதிதான். கால் தடியோடு நடந்தது. கை கிண்ணத்தைப் பிடித்தது. "நல்ல முன்னேற்றம்" என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கை வந்தது, கால் வந்தது, நான்தான் வரவில்லை.

வீட்டில் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சுவரில் ஒன்றும் இல்லை. அதுதான் வசதியாக இருந்தது. விடிய நெடுநேரம் இருக்கும்போதே விழிப்பு வந்துவிடும். சாப்பாடு அட்டை மாதிரி இருக்கும். சோர்வு என்று சொல்லிக்கொண்டேன். மனச்சோர்வு என்பதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வருவது, ஓட்டுநர் பள்ளி மாஸ்டருக்கு வராது என்று எனக்கு ஓர் உறுதி.

என் மனைவி குய்ச்சின் பேரிங் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவள். பேரிங்கைச் சுழலவிட்டுக் காதில் வைத்துக் கேட்டே நல்லதையும் கெட்டதையும் பிரிப்பாள்.

"யோவ், மத்தியானம் ஆச்சு. நூடுல்ஸ் ஊறிப் போவுது."

"பசிக்கல."

"நேத்தும் பசிக்கல, முந்தாநேத்தும் பசிக்கல. ஒட்டகமா நீ?"

நான் சுவரையே பார்த்தேன். முன்பென்றால் ஒட்டகத்துக்குப் பதிலாக அவள் குலத்தையே விலங்குப் பண்ணையாக்கியிருப்பேன். அவள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து என்னைக் கேட்டாள். பார்த்தாள் என்று சொல்லவில்லை, கேட்டாள்.

"சத்தம் சரியில்ல" என்றாள். "உள்ளே ஏதோ விட்டுப்போச்சு."

கெங் லிங் அந்த மாதங்களில் நாலைந்து தடவை வந்தாள். ஒவ்வொரு முறையும் ஈரத் துணியில் சுற்றிய டோஃபு. வாசலில் அவள் குரல் கேட்டதும் படுத்துவிடுவேன். என் வாயைத் தன் சட்டைக் கையால் துடைத்தவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில், பாவம், மாஸ்டர் மேல் இவளுக்கு எவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொள்வேன். எதிலும் ருசி இல்லாத அந்த நாட்களிலும் இந்த ஒரு மிட்டாயை மட்டும் நான் துப்பவில்லை.

கைக்கு வைத்தியம் என்று பொய் சொல்லித்தான் குய்ச்சின் என்னைச் சீன வைத்திய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் யென், நாற்பதைத் தாண்டிய பெண், என் கையைத் தொடவே இல்லை. ஒரு தாளை எடுத்தார்.

"மாமா, கொஞ்சம் கேள்வி கேக்கறேன். மனசுல படுறதச் சொல்லுங்க. மார்க் போட்டுக்குவேன்."

மார்க் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, பிடித்த வேலையில் ஆசை இருக்கிறதா, தன்மேல் வெறுப்பு உண்டா. ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். மார்க் ஏறிக்கொண்டே போனது. எனக்கு ஒரு திருப்தி. எங்கள் தேர்வில் எண்பது எடுத்தால் பாஸ். இதில் எடுக்க எடுக்க ஃபெயில் என்று அப்போது தெரியாது.

"செத்துப்போனா தேவலன்னு தோணுதா?"

"அடுத்த கேள்வி" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்குச் சொன்னாத்தான் மாமா அடுத்தது."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அது ஓயும்வரை காத்திருந்தேன்.

"எங்க வீடு ஆறாவது மாடி" என்றேன். "துணி எடுக்கக்கூட நான் பால்கனிக்குப் போறதில்ல. போனா என்ன செய்வேனோன்னு பயமா இருக்கு."

பின்னால் குய்ச்சினின் பை தரையில் விழுந்தது. அதிலிருந்து ஆரஞ்சுகள் உருண்டன. யாரும் எடுக்கவில்லை.

"எத்தினி நாளா?" என்றாள் அவள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஜூலைலேருந்து."

இருபத்தாறு மார்க். டாக்டர் யென் நிதானமாகச் சொன்னார்: மூளையில் அடைப்பு வந்தவர்களில் மூன்று பேருக்கு ஒருவர் இப்படி ஆவதுண்டு. "இது உங்க குணமும் இல்ல, கோழைத்தனமும் இல்ல. அந்த நோய் விட்டுட்டுப் போன மிச்சம். மாத்திரை தர்றேன். கூடவே ஊசி வச்சுக் கரண்ட் குடுப்போம். வாரம் அஞ்சு நாள், ஆறு வாரம். எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். என்கிட்ட வந்த நிறைய பேருக்குக் கேட்டிருக்கு. அதுவரைக்கும் அந்தப் பால்கனிக் கதவைப் பூட்டி, சாவிய அத்தைகிட்ட குடுத்துடுங்க."

"ஊசியா, கரண்டா?"

"ரெண்டும்தான்."

"எங்க?"

"தலைல."

ஆயிரம் பேரைக் கதறவிட்ட ஷாவ் மாஸ்டர் அன்று கட்டிலில் ஏறுவதற்குள் இரண்டு முறை கழிவறைக்குப் போய் வந்தார். உச்சந்தலையில் ஓர் ஊசி, இரு புருவத்துக்கும் நடுவில் ஓர் ஊசி. மயிரிழை மாதிரி இருந்தது. வலித்ததா என்று யோசிப்பதற்குள் உள்ளே போய்விட்டது. டாக்டர் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கிளிப்புகளை... இல்லை, பயத்தில் எனக்கு அப்படித் தெரிந்தது. நெல்மணி அளவுதான் இருக்கும். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. ஒயரின் மறுமுனையில் திருகுகள் வைத்த ஒரு சின்னப் பெட்டி.

"எது பிளஸ்?" என்றேன்.

"இதுல அந்தக் கணக்கு இல்ல மாமா."

"பேட்டரி செத்த வண்டிக்கு இப்படித்தான் மாட்டுவோம். மாத்தி மாட்டினாப் புகை வரும்."

"புகை வந்தாச் சொல்லுங்க" என்று திருகைத் திருப்பினார்.

புருவ நடுவில் யாரோ விரல் நகத்தால் டொக் டொக்கென்று தட்டுவது போல இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கேட்பது போல. அரைமணி நேரம் தட்டல். என் இடது புருவம் தானாக ஆடியது. குய்ச்சின் போட்டோ எடுத்துத் தெற்கே ஷென்ஜெனில் வேலை பார்க்கும் மகளுக்கு அனுப்பினாள். "அப்பா தலையில ஆன்டெனாவா? என்ன சேனல் வருது?" என்று பதில் வந்தது. குய்ச்சின் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வர வேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது.

ஒரு சேனலும் வரவில்லை. முதல் வாரம் ஒன்றுமில்லை, இரண்டாவது வாரமும் ஒன்றுமில்லை. தினமும் பஸ்ஸில் போய்த் தலையில் கம்பி மாட்டிக்கொண்டு திரும்புவது ஒரு வேலையாக ஆனது, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஒருநாள் ஐந்தரை வரை தூங்கியிருந்தேன். அலாரம் பழுது என்று கடிகாரத்தைக் குறை சொன்னேன்.

நாலாவது வாரம் புதன்கிழமை. என் கட்டில் இரண்டாவது மாடியில், ஜன்னலோரம். கீழே வண்டி நிறுத்தும் இடம். இத்தனை நாளும் அந்த ஜன்னல் வழியாக நான் பார்த்ததே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. ஒரு வெள்ளை வேன் இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் போக முயன்றது. கோணல். வெளியே வந்தது, மறுபடி போனது, இன்னும் கோணல். ஐந்தாவது முறை. ஆறாவது முறை. என் வயிற்றுக்குள் ஏதோ சூடாக எழுந்து நெஞ்சுக்கு வந்தது. நெஞ்சு வலியோ என்று பயந்தேன். ஏழாவது முறை அவன் பக்கத்துக் காரின் கண்ணாடியை உரசப் போனான்.

"இடது பக்கம் ஒடி!"

ஆஸ்பத்திரியே திடுக்கிட்டது. நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தேன். ஒரு கிளிப் கழன்று தொங்கியது. பெட்டி கீச்சிட்டது.

"ஒடிடா மடையா! முழுசா ஒடி! உனக்கு லைசென்ஸ் குடுத்தவன் யாரு, குருடனா? இப்ப வா... வா... நேராக்கு! நிறுத்து!"

வேன்காரன் அண்ணாந்து பார்த்தான். தலையில் ஊசியும் ஒயருமாக ஒரு கிழவன் மாடியிலிருந்து கத்துகிறான். பயத்திலேயே சரியாக நிறுத்திவிட்டான்.

வெந்நீர்க் குடுவையோடு உள்ளே வந்த குய்ச்சின் வாசலிலேயே நின்றாள். நர்ஸ் ஓடி வந்தாள். பின்னால் டாக்டர் யென். "என்னாச்சு, வலியா?"

"திட்டறாரு!" என்றாள் குய்ச்சின். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "டாக்டர், இவரு திட்டறாரு!"

என் நோய்க்குறிப்பில் அன்று டாக்டர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்: 'சுற்றுப்புறத்தில் ஆர்வம் திரும்பியுள்ளது. உரத்த குரலில்.'

அன்று மத்தியானம் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டு இன்னும் அரைக் கிண்ணம் கேட்டேன். குய்ச்சின் எதிரே உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்தினி நாளா ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேன்" என்றாள். "கெங் லிங் வந்தது உன் உடம்ப விசாரிக்க மட்டும் இல்ல. லைசென்ஸ் இல்லாம ரோட்டுல ஓட்டினா இல்ல? கேமராவுல விழுந்திருக்கு. உங்க பள்ளிக்கூடத்துக்காரங்க கையக் கழுவிட்டாங்க. எங்க வண்டியக் கேக்காம எடுத்துட்டுப் போனான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. போலீஸ்ல அவ பரீட்சைய நிறுத்தி வச்சிருக்காங்க. நீ ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா முடிஞ்சுடும்."

"கையெழுத்துக்கா வந்தா?"

"ஆமா."

"அப்ப அந்த டோஃபு?"

"டோஃபு உனக்கு. கையெழுத்து அவளுக்கு. ரெண்டும் ஏன் ஒண்ணா இருக்கக் கூடாது?"

என் பக்தை! நாலு மாதம் நான் வாயில் வைத்துச் சப்பிய மிட்டாய். முதலில் வந்தது கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வாய் நூடுல்ஸில் அது வெட்கமானது. உயிரைக் காப்பாற்றியவள் வாசலில் நிற்க, நான் போர்வைக்குள் அவள் பக்தியை மெச்சிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

"போன் போடு" என்றேன். "நாளைக்கே போவோம்."

போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்கு என் புருவ நடுவில் ஊசி குத்திய சிவப்புப் புள்ளியோடு, குய்ச்சினையும் கூட்டிக்கொண்டு போனேன். கெங் லிங் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் தோளைக் குறுக்கினாள். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "வண்டிய எடுக்கச் சொன்னது நீங்களா?"

"நாந்தான்."

"நீங்க வந்து சேந்தப்ப உங்களுக்குப் பேச்சே இல்லன்னு ஆஸ்பத்திரி எழுதியிருக்காங்களே, மாஸ்டர். எப்படிச் சொன்னீங்க?"

மாட்டிக்கொண்டேன். பொய்யைச் சரியாக நிறுத்த எனக்கு எப்போதும் வந்ததில்லை. தடியை மாற்றிப் பிடித்தேன். அப்போது என் இடது கால் கண்ணில் பட்டது.

"ஐயா, பயிற்சி வண்டில மாஸ்டர் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கும். எனக்கு விழுந்தது வலது பக்கம். இடது கால் நல்லா இருந்துச்சு. அவ ஓட்டுறது எனக்குச் சம்மதம் இல்லன்னா மிதிச்சு நிறுத்தியிருப்பேன். வழி பூரா மிதிக்கல. மாஸ்டர் மிதிக்கலன்னா போகலாம்னு அர்த்தம். பொறுப்பு என்னுது."

அதிகாரி என்னையும் என் காலையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒரு தாளைத் தள்ளினார். "இதையே எழுதிக் குடுங்க."

வலது கையால் எழுத அரைமணி நேரம் ஆனது. எழுத்துகள் குடிகாரர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. அவர் அதை அப்படியே கோப்பில் வைத்தார்.

வெளியே வந்ததும் கெங் லிங் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மாஸ்டர், அன்னிக்கு எனக்கு அதான் தைரியம். பாலத்துல வண்டி நடுங்குது, நானும் நடுங்குறேன். ஆனா உங்க கால் பிரேக்குக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, நீங்க மிதிக்கவே இல்ல. மாஸ்டர் என்னை நம்புறாருடான்னு நெனச்சுத்தான் ஓட்டினேன்."

அந்தப் பிரேக் இருப்பதே அன்று எனக்கு நினைவில்லை. நினைவிருந்தால் பத்து இடத்திலாவது மிதித்து, இருவரையும் பாலத்தின் நடுவிலேயே நிறுத்தி, நான் அங்கேயே போய்ச் சேர்ந்திருப்பேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு மாணவிக்கு நான் கொடுத்த ஒரே ஊக்கம், மறதியால் கொடுத்தது. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். குய்ச்சின் என் முதுகில் ஓர் இடி கொடுத்தாள்.

"நத்தைன்னு கூப்பிட்டதுக்கு..." என்று வேறு பக்கம் திரும்பினேன்.

"அது பழகிருச்சு விடுங்க."

"இல்ல. தப்பு. மன்னிச்சுக்க."

அவள் எதிர்பார்க்கவில்லை. "உடம்புக்கு எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று கேட்டாள். அன்று அதற்கு உண்மையைச் சொன்னேன். பால்கனியைத் தவிர எல்லாம் சொன்னேன்.

பத்து நாளில் தடை நீங்கியது. அவள் பரீட்சையில் முதல் தடவை தோற்றாள், இரண்டாம் தடவை தேறினாள். இப்போது சந்தைக்கு வேன் ஓட்டுகிறாள். பள்ளிக்கு நான் திரும்பவில்லை. கால் அதற்கு ஆகாது. அவர்களும் வற்புறுத்திக் கூப்பிடவில்லை.

ஆறு வாரம் முடிந்ததும் டாக்டர் யென் அதே தாளை எடுத்தார். ஒன்பது மார்க். வாழ்க்கையில் இவ்வளவு குறைவாக எடுத்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"ஊசி வேலை செஞ்சுதா, மாத்திரையா, இல்ல அந்த வேன்காரனா?" என்றேன்.

"என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது மாமா. உங்களால முடியுமா?"

முடியவில்லை. பால்கனிச் சாவியைக் குய்ச்சின் எட்டாவது வாரம்தான் திருப்பிக் கொடுத்தாள். முதல் நாள் கூடவே வந்து, துணி மடிக்கிற சாக்கில் என் பக்கத்தில் நின்றாள்.

முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். அடுத்த குளிர்காலத்தில், தொடர்ந்து ஒரு வாரம் விடியுமுன்பே விழிப்பு வந்தது. சுவர் மறுபடி வசதியாகத் தெரிய ஆரம்பித்தது. எட்டாம் நாள் காலை, வழக்கமான கடையில் மாட்டிறைச்சி சூப்பு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆவி எங்கள் இருவர் முகத்தையும் மறைத்தது. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"எனக்கு மறுபடியும் அப்படி வருது" என்றேன்.

குய்ச்சின் கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து என் கிண்ணத்தில் போட்டாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள குடி" என்றாள். "எட்டரை பஸ்ஸுல போவோம்."